டில்லன் தெருக் குதிரை

ஜூலை மாத வெயிலில் நிலக்கரி வண்டியை இழுத்துக்கொண்டு வந்த அந்தப் பழுப்புக் குதிரை, டில்லன் தெருவுக்குள் நுழைந்ததும் நின்றுவிட்டது. வண்டிக்காரன் திட்டினான், சாட்டையை வீசினான். குதிரை அவனை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, மலாக்கி ஹான்ராட்டியின் வீட்டு வாசலில் சரிந்து விழுந்து உயிரை விட்டது. வண்டிக்காரன் வேறொரு குதிரையைக் கொண்டுவந்து வண்டியைப் பூட்டினான். "இதை முனிசிபாலிட்டி வந்து எடுத்துக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனவன்தான், அப்புறம் அந்தப் பக்கம் தலைகாட்டவில்லை.

முனிசிபாலிட்டியும் தலைகாட்டவில்லை. சிகாகோ நகரில் வானத்தை முட்டும் கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருந்த காலம் அது. ஆனால் செத்த குதிரையை எடுக்கத்தான் ஆளில்லை.

மலாக்கி கவலைப்படவில்லை. இரும்பு ஆலையில் உலைக்கு முன்னால் நின்று வெந்துபோன முகத்தைத் துடைத்துக்கொண்டு, கூடி நின்ற அக்கம்பக்கத்தாரிடம் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னான்: "எல்லாரும் போய் நிம்மதியாச் சாப்பிடுங்க. கவுன்சிலர் கில்ஃபாயில் நம்ம ஆளு. போன எலெக்‌ஷன்ல அவருக்கு நான் நாலு ஓட்டுப் போட்டிருக்கேன். ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

நாலில் ஒன்றுதான் அவனுடையது. மற்ற மூன்றும் செத்துப்போனவர்களின் பெயரில் போட்டவை. அந்த மூவரில் ஒருவர் அவனுடைய மாமனார். இது அவன் மனைவி டீலியாவுக்கு அன்றுதான் தெரிந்தது.

"எங்கப்பா உசிரோட இருந்தவரைக்கும் கில்ஃபாயில் பேரைச் சொன்னாலே காறித் துப்புவாரு. செத்தப்புறம் அவரை இழுத்துட்டுப் போய் அந்தாளுக்கே ஓட்டுப் போட வச்சிட்டியேய்யா! நீயெல்லாம் மருமகனா?"

"சும்மா போடல டீலியா. ஓட்டுக்கு ரெண்டு கிளாஸ் பீரு, எல்லாத்துக்கும் சேர்த்து ஒரு பன்னித் தொடை. அந்தத் தொடையை நீயும்தானே ருசிச்சுச் சாப்பிட்ட?"

டீலியா முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். ஆனால் அன்றிலிருந்து குதிரையை அவள் 'உன் குதிரை' என்றே சொல்ல ஆரம்பித்தாள். தெருவும் அப்படியே பிடித்துக்கொண்டது. மலாக்கி வேலைக்குக் கிளம்பும்போது, மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு எதிரே வருகிறவர்கள், "என்ன மலாக்கி, உன் குதிரை எப்ப எழுந்திருக்கும்?" என்று விசாரித்தார்கள்.

கேலி தாங்க முடியாமல் மலாக்கி கவுன்சிலரின் மதுக்கடைக்குப் போனான். அங்கே கவுன்சிலரின் கையாள் ஃபின்டன் ஸ்கல்லி, மீசையில் நுரையோடு உட்கார்ந்திருந்தான்.

"டில்லன் தெருவா? அங்க கிடந்த குதிரையை எடுத்தாச்சே" என்றான் ஸ்கல்லி.

"இல்லண்ணே, இன்னும் கிடக்கு."

"செத்த மிருகங்களை அப்புறப்படுத்துற கான்ட்ராக்ட் யாருகிட்ட இருக்கு? கவுன்சிலரோட மச்சான்கிட்ட. அவரே எடுத்தாச்சுன்னு சொல்லிட்டாரு. அப்ப நீ பார்க்கிறது வேற குதிரையா இருக்கும்."

"அதெப்படிண்ணே, அதே இடத்துல இன்னொரு குதிரை வந்து சாகும்?"

"ஏன், முந்தின குதிரையோட மூஞ்சி உனக்கு நல்லா ஞாபகம் இருக்கா?"

மலாக்கி யோசித்தான். உண்மையில் குதிரையின் முகத்தை அவன் சரியாகப் பார்த்திருக்கவில்லை. அதற்குள் ஸ்கல்லி ஒரு கிளாஸ் பீரை அவன் முன்னால் நகர்த்திவிட்டான். அதைக் குடித்ததும் வந்த காரியம் பாதி முடிந்துவிட்டதைப் போல மலாக்கிக்குத் தோன்றியது.

"சொன்னியா?" என்றாள் டீலியா, அவன் வீட்டுக்குள் நுழைந்ததும்.

"சொன்னேன்."

"என்ன செஞ்சாங்க?"

"பீர் வாங்கிக் குடுத்தாங்க."

"அப்ப அதைப் போய் உன் குதிரைகிட்டச் சொல்லு."

சிரிப்பெல்லாம் அந்த வாரக் கடைசியோடு அடங்கியது. மேல் மாடியில் குடியிருந்த, பொஹீமியா நாட்டிலிருந்து பிழைக்க வந்த தையல்காரன் வொய்டெக்கின் கைக்குழந்தை அனேஷ்காவுக்கு வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் கண்டன. மலாக்கி வீடு திரும்பும்போதெல்லாம் அவன் மீசையைப் பிடித்து இழுத்துக் கெக்கலிக்கும் குழந்தை, இப்போது கண்ணைத் திறக்கவே சிரமப்பட்டது. பார்க்க வந்த டாக்டர் கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டே, "இத்தனை ஈ மொய்க்கிற இடத்துல பால் எப்படி நல்லா இருக்கும்? மருந்து தர்றேன். ஆனா முதல்ல அந்தக் குதிரையை எடுங்கப்பா" என்றார்.

வொய்டெக் மலாக்கியைப் பார்த்தான். கேலியாகப் பார்த்திருந்தால்கூடத் தேவலை. நம்பிக்கையோடு பார்த்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரைப் பூங்காவில் கவுன்சிலர் வார்டு மக்களுக்கு விருந்து வைத்திருந்தார். பேண்டு வாத்தியம் முழங்கிக்கொண்டிருந்தது. சட்டைப் பொத்தான் துளையில் சிவப்புப் பூவைச் செருகிக்கொண்டு, கண்ணில் பட்ட குழந்தைகளையெல்லாம் கொஞ்சிக்கொண்டிருந்த கில்ஃபாயிலின் முன்னால் மலாக்கி தொப்பியைக் கழற்றிக்கொண்டு போய் நின்றான்.

"ஐயா, ஒரு பச்சைக் குழந்தையோட உசிருங்க. உங்களுக்கு நாலு ஓட்டுப் போட்டவன் கேக்கிறேன்."

கில்ஃபாயில் கோபப்படவில்லை. அன்பாக அவன் தோளில் கை போட்டுக்கொண்டார்.

"மலாக்கி, நீ கடையில ஒரு ரொட்டி வாங்குற. காசைக் குடுத்துடுற. மறுநாள் ரொட்டிக்காரன் உன் வீட்டுக்கு வந்து, 'நேத்து ரொட்டி குடுத்தேனே, என் வீட்டுக் கூரையைச் சரிபண்ணிக் குடு'ன்னு கேட்டா என்ன சொல்லுவ?"

"காசு குடுத்தாச்சேன்னு சொல்லுவேன்."

"அதேதான். பீரு வந்துச்சா? தொடை வந்துச்சா? அப்ப நம்ம கணக்கு ஏப்ரல்லயே தீர்ந்துபோச்சு. என்கிட்டக் கைநீட்டாம ஓட்டுப் போட்டவன் எவனாவது வந்து கேட்டா எனக்குப் பயம் வரும். நம்ம வார்டுல அப்படி யாரு இருக்கா, சொல்லு? போ, போய்ச் சாப்பிடு. கறி நல்லா இருக்கு."

மலாக்கி சாப்பிடவில்லை. வீட்டுக்கு வந்து படியில் உட்கார்ந்து, நடந்ததை ஒன்றுவிடாமல் டீலியாவிடம் சொன்னான். அவள் வெடிப்பாள் என்று எதிர்பார்த்தான். அவளோ பக்கத்தில் வந்து உட்கார்ந்து மெதுவாகப் பேசினாள்.

"பொம்பளைங்க எங்களுக்கு ஓட்டே கிடையாது. கேக்கணும்னா உங்க வாயாலதான் கேக்கணும். அந்த வாயை நீ பீரு ஊத்தி அடைச்சிட்டு வந்திருக்கியேய்யா."

மலாக்கி எழுந்தான். நேராக ஆலைக்குப் போய், காவல்காரனிடம் கெஞ்சிக் கூத்தாடி, கனமான சங்கிலியும், குதிரைக்கு அடியில் கொடுத்து உருட்ட இரும்புக் குழாய்களும் வாங்கி வந்தான். தெரு முழுக்கத் திரண்டது. ஒருவர் மொழி இன்னொருவருக்குப் புரியாத ஐரிஷ்காரர்களும் போலந்துக்காரர்களும் இத்தாலியர்களும் ஒரே சங்கிலியைப் பிடித்து இழுத்தார்கள். யாருக்கும் புரியாத வசவுகளை எல்லாரும் சேர்ந்து சொன்னார்கள். வழியெங்கும் ஜன்னல்கள் படபடவென்று சாத்திக்கொண்டன. மரங்கள் நிழல் பரப்பிய அகலமான சாலையில், கில்ஃபாயில் வீட்டுப் பளிங்குப் படிக்கட்டுக்கு முன்னால் குதிரை இளைப்பாறியது.

விருந்து முடிந்து திரும்பிய கவுன்சிலர், உறவினர்களோடு அப்போதுதான் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தார். முதலில் ஜன்னலுக்கு வந்த அவருடைய மனைவி வீறிட்டுக்கொண்டு உள்ளே ஓடினாள். அடுத்து கான்ட்ராக்ட் எடுத்த மச்சான், கழுத்தில் கட்டிய கைத்துண்டோடு வாசலுக்கு வந்தார். குதிரையைப் பார்த்தார், மக்களைப் பார்த்தார். மறுபடி குதிரையைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு லாயத்தை நோக்கி ஓடினார். கொஞ்ச நேரத்திலேயே, டில்லன் தெரு இத்தனை வருஷத்தில் ஒருமுறைகூடக் கண்டிராத நகராட்சி வண்டி, சுண்ணாம்பு மூட்டையோடும் ஆட்களோடும் காற்றாகப் பறந்து வந்தது.

அனேஷ்கா பிழைத்துக்கொண்டாள். மருந்தாலா, ஈ குறைந்ததாலா என்று டாக்டருக்கே நிச்சயமாகத் தெரியவில்லை.

அடுத்த தேர்தலுக்கு முன்னால் ஸ்கல்லி பன்றித் தொடையோடு கதவைத் தட்டினான். புகை போட்டுப் பதப்படுத்திய அருமையான தொடை. மலாக்கியின் மூக்கு அதை நோக்கித் தானாக நீண்டது. டீலியா அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். மலாக்கி மூச்சைப் பிடித்துக்கொண்டு கதவைச் சாத்தினான். சற்று நேரத்தில் மேல் மாடியிலும் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. மாமனார் அந்த ஆண்டு ஓட்டுப் போடாமல் நிம்மதியாகத் தூங்கினார்.

டில்லன் தெரு எதிர்த்து நின்றவனுக்கு ஓட்டுப் போட்டும் கில்ஃபாயில்தான் ஜெயித்தார், நூலிழையில். ஓட்டு எண்ணி முடித்த மறுநாள் காலையில் மலாக்கி தொப்பியை மாட்டிக்கொண்டு, அடைபட்டுக் கிடந்த சாக்கடையைப் பற்றிப் பேசக் கவுன்சிலரைப் பார்க்கக் கிளம்பினான். வொய்டெக் படியில் மறித்துக் கேட்டான்: "அந்தாளுதான் மறுபடி ஜெயிச்சிட்டானே. தொடையையும் விட்டுட்டு, தோத்தும் போய், நமக்கு என்னப்பா லாபம்?"

"அவன் ஜெயிச்சிட்டுப் போகட்டும் வொய்டெக். கை நீட்டாம ஓட்டுப் போட்டவன் தோத்தாலும் போய்க் கேள்வி கேக்கலாம். கை நீட்டினவன் ஜெயிச்சாலும் வாயைத் திறக்க முடியாது. இன்னைக்கு நான் போய்க் கேக்கப் போறேன், நீயும் வா."