நிற்காமல் சுற்றிய விசிறி

கவுஞ்சியிலிருந்து புறப்படும்போதே காரின் முகப்புப் பலகையில் மஞ்சள் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. எஞ்சின் இன்னும் சூடேறவே இல்லை. புரட்டாசிப் பனியில் கண்ணாடிகள் வேர்த்திருந்தன. ஆயினும், எஞ்சினைக் குளிர்விக்கும் முன்பக்கத்து விசிறிகள் இரண்டும் நெல்லரவை ஆலைபோல் இரைந்து சுற்றின. மணியனுக்கு வண்டியைப் பற்றிய கவலையைவிட, பின்னிருக்கையில் இருந்த மனைவி காளியாயி அந்த விளக்கைப் பார்த்துவிட்டாளே என்ற கவலைதான் பெரிதாக இருந்தது.

காளியாயியின் வலக்கண்ணில் புரை முற்றியிருந்தது. மதுரையில் அறுவைக்கு நாள் குறித்தும் இரண்டு முறை தட்டிக்கழித்துவிட்டாள். ஒருமுறை பூண்டறுப்பைக் காரணம் காட்டினாள். மறுமுறை ஊரில் விழுந்த சாவைக் காட்டினாள். உண்மையில் அவளைத் தடுத்தது அச்சம். மலைப்பாதையில் பேருந்து குடலைப் பிடுங்கும், காரென்றால் வருகிறேன் என்று இம்முறை ஒருவாறு இசைந்திருந்தாள். இன்று மாலைக்குள் மருத்துவமனையில் சேராவிட்டால், இனி எந்நாளும் அவளைக் கிளப்ப முடியாது.

“என்னமோ எரியுதுங்க. சகுனம் சரியில்ல. திரும்பிருவமா?”

“மஞ்சள்னா மங்களம்தான. பேசாம வா.”

அன்று விஜயதசமி. கொடைக்கானல் ஊருக்குள்ளிருந்த பட்டறைகளில், முதல்நாள் சந்தனமும் குங்குமமும் இட்டு வைத்த கருவிகளை மறுபூசை முடியாமல் தொடமாட்டோம் என்று கைவிரித்துவிட்டார்கள். செண்பகனூரில் சாலையோரம் ராபினின் பட்டறை மட்டும் திறந்திருந்தது.

ராபின் எஞ்சின் மூடியைத் தூக்கிக் குனிந்தார். “தண்ணி மட்டம் சரியா இருக்கு. ரேடியேட்டர் ஐஸ்கட்டியாட்டம் கெடக்கு. அப்புறம் எதுக்குண்ணே இந்த ஃபேன் விழுந்தடிச்சுச் சுத்துது?”

சோதனைக் கருவியைச் செருகிப் பார்த்தவர் உதட்டைப் பிதுக்கினார். “சூட்டை அளக்குற சென்சார் ஏறுக்குமாறாச் சொல்லுது. அதை நம்ப முடியாம வண்டி ஃபேனை ஓட்டிக்கிட்டே இருக்கு. புதுசு திண்டுக்கல்லருந்து வரணும், நாளைக்கு ஆயிரும். இப்படியே மலையெறங்காதீங்க. நெசமாவே கொதிச்சாக்கூட உங்களுக்குத் தெரியாது. ஆமா, வண்டிய ஏதாச்சும் செஞ்சீங்களா?”

“ஒண்ணுமில்லையே. பூசைக்குத் துணியால தொடச்சேன்.”

அது முழுப்பொய். பூசைக்கு முதல்நாள், கேரட்டில் ஒட்டிய மண்ணைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவும் பம்பின் குழாயை அப்படியே எஞ்சினுக்குள் திருப்பியவர் அவர். “உள்ளாற அடிக்காதீங்க” என்று காளியாயி கத்தியதைக் காதில் வாங்கவில்லை. மழையில் ஓடாத வண்டியா என்பது அவருடைய வாதம். எதிரே டீக்கடையில் நின்று வேடிக்கை பார்ப்பவர்களின் முன்னால் அதை ஒப்புக்கொள்ள நாக்கு எழவில்லை.

பின்னிருக்கையின் கதவு திறந்தது. காளியாயி இறங்கினாள். அவள் வாய் திறக்காமல் இருந்திருந்தால் போதும். வண்டி பட்டறையில் கிடக்கும், அவள் வீடு போய்ச் சேர்வாள்.

“துணியாம்ல, துணி. கேரட் பம்ப வச்சு அடிச்சாரு தம்பி. எஞ்சின் சந்தைக்குப் போற கேரட்டாட்டம் பளபளன்னு கெடந்துச்சு.”

டீக்கடையில் சிரிப்பு வெடித்தது. ராபினும் சிரித்துக்கொண்டே சென்சாரின் இணைப்பைக் கழற்றினார். உள்ளிருந்து தண்ணீர் சொட்டியது.

“நல்லவேளை சொன்னீங்கக்கா. சென்சார் மேல தப்பே இல்லாம இருக்கலாம்.”

பக்கத்து அழகு நிலையத்திலிருந்து அனிட்டா முடி உலர்த்தும் கருவியைக் கொண்டுவந்து தந்தாள். இணைப்பை நன்கு உலர்த்தி மாட்டி, வண்டியின் கணினியில் பதிந்திருந்த பழுதுக் குறியையும் ராபின் அழித்தார். விளக்கு அணைந்தது, விசிறிகள் நின்றன. எஞ்சின் சூடேறியபின் அவை தாமே சுற்றித் தாமே ஓய்வதைப் பார்த்த பிறகுதான் அவர் வழிவிட்டார்.

“அடுத்த பூசைக்குக் கேரட்ட மட்டும் கழுவுங்கண்ணே.”

மணியன் அவருடைய இரு கைகளையும் பற்றிக்கொண்டார். அனிட்டாவையும் கும்பிட்டார்.

வண்டி பெருமாள்மலையைத் தாண்டியதும் மணியன் கேட்டார்.

“நீ கம்முன்னு இருந்திருந்தா வீட்டுக்குப் போயிருக்கலாம்ல?”

“போயிருக்கலாம்தான். நீங்க முழிச்ச முழி சகிக்கல.” பிறகு அவளே கேட்டாள்: “கண்ண அறுக்கையில வெளியதான இருப்பீங்க? டீ குடிக்கப் போயிர மாட்டீங்களே?”

“கதவ விட்டு நகர மாட்டேன்.” மணியன் திரும்பி அவளைப் பார்த்தார். “நீ எறங்கி வந்து சொன்ன பாரு, அது பெரிய காரியம் காளியாயி.”

“ரோட்டப் பாருங்க” என்றாள் அவள்.