நாலாவது படி வரை

ஆக்சிஜன் கம்பெனியிலிருந்து வந்த அனெலின் இரண்டு கருவிகளையும் மேசைமேல் வைத்ததும் என் புருஷன் லோடேயின் கண் சின்னதில்தான் விழுந்தது. தோளில் மாட்டும் பை அளவு, பேட்டரியில் ஓடும். புறாப் பந்தயக் கிளப்புக்குப் போகலாம், ரயிலேறிக் கடற்கரைக்குப் போகலாம் என்று அந்தப் பெண் அடுக்கினாள். பெரியது ஏற்கனவே எங்கள் கூடத்து மூலையில் உறுமிக்கொண்டிருப்பதைப் போன்றதுதான். வெளியே போக ஒரு சிலிண்டரும் தள்ளுவண்டியும் தருவார்கள்.

கிளப்புக்கு அவன் தாராளமாகப் போகட்டும். என் கவலை மாடிப்படி. கூடத்திலிருந்து வரும் ஆக்சிஜன் குழாய் நாலாவது படியோடு தீர்ந்துவிடும். மொத்தம் பதின்மூன்று. பத்து மாதமாக நான் மேலே தூங்குகிறேன், உடம்பில் புதுக் காயம் ஒன்றும் இல்லை. அதற்கு முன் நாற்பத்தொரு வருஷத்தில் இரண்டு விலா, ஒரு தாடை, இடது காதில் பாதி. சுரங்கத்தூசி அவன் நுரையீரலைத் தின்றுவிட்டதே என்று ஊர் வருத்தப்பட்டது. நான் படவில்லை.

"இதை மாட்டிக்கிட்டுப் படியேறிப் பாருங்க," என்று சின்னதை லோடேயிடம் நீட்டினாள் அனெலின். "நீங்க மூக்கால இழுத்தாதான் இது ஆக்சிஜன் விடும். வாயால இழுத்தா இதுக்குத் தெரியாது, கத்த ஆரம்பிச்சிடும்."

"பாதாளத்துல முப்பது வருஷம் மூச்சு விட்டவன் நான். எனக்கே சொல்லித் தர்றியா?"

துணைக்கு என்னைப் போகச் சொல்லிவிட்டு, இன்னொரு பேட்டரி எடுக்க அவள் வண்டிக்குப் போனாள். நாலாவது படியைத் தாண்டியதும் லோடே திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தான். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும்.

மேலே என் அறைக் கதவின் உள்பக்கம் புதுத் தாழ்ப்பாள்.

"இது யாருக்குடி? எனக்கா?"

முடியைப் பிடித்து என் தலையைக் கதவு நிலையில் மோதினான். நெற்றி பிளந்தது. "என் வீட்டுல எனக்கே தாழ்ப்பாளா?" மறுபடியும் மோதினான். ஒரு கண்ணில் ரத்தம் இறங்கியது. வாய் கிழியக் கத்துகிறவன் மூக்கால் எங்கே இழுப்பான்? கருவி கீச்கீச்சென்று அலறியது. அவன் காதில் விழவில்லை. மூன்றாவது தடவை மோதும்போது விரல்கள் தளர்ந்தன. உதடு நீலம் பாரித்து, படி விளிம்பிலேயே சரிந்து உட்கார்ந்தான்.

ஒரு தள்ளு போதும். என் கை அவன் தோள்வரை போனது, பொய் சொல்லவில்லை.

"வாயை மூடுங்க! மூக்கால இழுங்க!" அனெலின் ஓடி வந்தாள். இரண்டு பேருமாகக் கீழே இறக்கிப் பழைய குழாயை மாட்டினோம். அவன் விரலில் மாட்டிய கிளிப், ரத்தத்தில் ஆக்சிஜன் எழுபத்தாறு என்று காட்டியது. தொண்ணூறுக்குக் கீழே போகக் கூடாது.

"இவ விழுந்துட்டா," என்றான் லோடே, என் நெற்றியைக் காட்டி.

அனெலின் என் நெற்றியைப் பார்த்தாள். படிவத்தை எடுத்து என் பக்கம் திரும்பினாள். "வீட்டுல இவர் எப்படி மூச்சு விடறாரு? மூக்காலயா, வாயாலயா? வாயாலன்னா சின்னது தர முடியாது. நீங்கதான் சொல்லணும்."

டாக்டரிடம், பாதிரியாரிடம், ஒருமுறை போலீஸிடம்கூட, எனக்கும் சேர்த்து அவன்தான் பேசியிருக்கிறான்.

"வாயால," என்றேன். "எப்பவுமே வாயாலதான்."

நாற்காலிக் கையில் அவன் முஷ்டி இறுகியது. அவள் பார்ப்பதைக் கண்டதும் விரல்களை ஒவ்வொன்றாக விரித்தான். பிறகு உதடுகளை இறுக மூடிக்கொண்டு, அவளுக்குத் தெரியும்படி மூக்கால் மெதுவாக ஒரு மூச்சு இழுத்துக் காட்டினான். இன்னொன்று. கண்ணில் நீர் முட்டியது, கழுத்து நரம்பு புடைத்தது, வாயை மட்டும் திறக்கவில்லை. அனெலினின் பேனா காகிதத்துக்கு மேலே அப்படியே நின்றிருந்தது.