அறுபத்தாறும் தொண்ணூற்றொன்பதும்

விடுதிப் பள்ளிக்கூடத்தை இழுத்து மூடும் நாளில், பழைய பிள்ளைகள் கடைசியாகப் பார்க்க வந்துகொண்டிருக்க, சலவை அறை அம்மாவுக்கு இருந்த கவலை ஒன்றே ஒன்றுதான். அறுபத்தாறு வருவாளா, மாட்டாளா? வந்தால் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும்.

பிள்ளைகளின் பெயர்கள் அவருக்கு எந்தக் காலத்திலும் பிடிபட்டதில்லை. எண்தான். புதிதாக ஒரு பிள்ளை வந்தால், துணிமணி எல்லாவற்றிலும் கழுத்துக்கு உள்பக்கம் சிவப்பு நூலால் எண் தைப்பார். துவைத்து மடித்து அந்தந்த எண்ணுள்ள தட்டில் வைப்பார். பள்ளி தொடங்கியபோது வாடகை வீடு, முப்பத்திரண்டு பிள்ளைகள். புருஷனைப் பறிகொடுத்துவிட்டு ஒரு பையோடு வந்து நின்றவரிடம், "தைக்கத் தெரியுமாம்மா?" என்று மட்டும் கேட்டு உள்ளே விட்டார் பெரிய சார். மகராசன்! அந்த ஒரு கேள்வியில் முப்பத்தைந்து வருடம் ஓடிவிட்டது.

அப்புறம் மளமளவென்று மூன்று மாடி எழும்பியது. எண் நானூற்றுப் பன்னிரண்டைத் தொட்டது. பெற்றவர்கள் இடம் கேட்டு வாசலில் தவம் கிடந்தார்கள். பிறகு ஊருக்கு ஊர் பள்ளிக்கூடம், வீட்டு வாசலுக்கே பேருந்து. பெற்ற பிள்ளையைப் பிரிந்திருக்க யாருக்குத்தான் மனசு வரும்? போன வருடம் பதினோரு பேர். அந்தப் பதினோரு பேருக்கும் ஒரு துணி விடாமல் எண் தைத்தார்.

தப்பு நடந்தது ஆறாவது வருடம். அறுபத்தாறைத் தலைகீழாகப் பிடித்தால் தொண்ணூற்றொன்பது. அடியில் ஒரு கோடு போட்டிருக்க வேண்டும். போடாமல் தைத்துத் தொலைத்தார். அறுபத்தாறுக்கு அவள் அம்மா பின்னிக் கொடுத்த கனத்த கம்பளிச் சட்டை தொண்ணூற்றொன்பதின் தட்டுக்குப் போனது. மாமா வீட்டில் ஒண்டி வளர்ந்த தொண்ணூற்றொன்பதின் நைந்த சட்டை இவளுக்கு வந்தது. ஒரு மாதம் கழித்துத்தான் சலவை அறை அம்மா கவனித்தார். மாற்றி வைக்கக் கை வரவில்லை. ஒட்டடைக்குச்சி மாதிரி இருந்த தொண்ணூற்றொன்பது அந்தக் குளிரில் முதல் தடவையாக நடுங்காமல் நின்றுகொண்டிருந்தாள்.

ஆனால் தினமும் வந்து வாயாடும் அறுபத்தாறு, அந்தக் குளிர்காலம் முழுக்க சலவை அறைப் பக்கம் தலைகாட்டவில்லை. கோபம்தானே? வேறென்ன? வருடக் கடைசியில் அவள் அப்பாவுக்கு வேறு ஊரில் வேலை, போய்விட்டாள். அம்மாவின் நெஞ்சில் அது முள்ளாகத் தங்கிவிட்டது.

பள்ளி மூடும் அன்று மதியம் சலவை அறை வாசலில் கண்ணாடி போட்ட ஒரு பெண் வந்து நின்றாள்.

"அம்மா, என்னைத் தெரியுதா?"

மோவாய் மச்சத்தைப் பார்த்ததும் அம்மா உடைந்துபோனார். "அறுபத்தாறு! உன் சட்டை தொண்ணூற்றொன்பதுகிட்ட போனது தெரிஞ்சும் மாத்தாம இருந்துட்டேன் தாயி. உன்னைக் குளிர்ல விட்டுட்டேன். மன்னிச்சிடும்மா."

அவள் திருதிருவென்று விழித்தாள். பிறகு சிரித்த சிரிப்பில் கண்ணாடியைக் கழற்ற வேண்டியதாயிற்று.

"உங்களுக்குத் தெரியுமா? அட கடவுளே! எனக்கு முதல் வாரமே தெரியும்மா. என்னைப் பார்த்தா உங்களுக்கு ஞாபகம் வந்து சரியா மாத்தி வெச்சிடுவீங்கன்னுதான் இந்தப் பக்கமே வரல!"

"கோபம் இல்லையா?"

"கோபமா? ஊர் மாறினப்புறமும் லீவுக்கெல்லாம் அவளை எங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய், கடைசியில எங்க அண்ணனுக்கே கட்டி வெச்சுட்டேன். இன்னைக்கு வரைக்கும் என் துணிக்கு நிம்மதி இல்ல. அண்ணி! இங்க வாங்க!"

தொண்ணூற்றொன்பது உள்ளே வந்தாள். நல்ல சதை போட்டிருந்தாள். கதையைக் கேட்டுவிட்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எனக்கும் முதல் நாளே தெரியும்," என்றாள் மெதுவாக. "ரொம்பக் குளிருச்சும்மா. அதான் வாயைத் திறக்கல."

அம்மா அவளை இழுத்து அணைத்துக்கொண்டார். கை தன் பாட்டுக்கு அவள் கழுத்தின் பின்னால் போய் எண்ணைத் தேடியது.