கட்டிலுக்குத் தகுதி

என் ரத்தத்தில் எய்ட்ஸ் கிருமி இருக்கிறது என்று சொன்ன அன்று மாளவிகா மேடம்தான் அழுதார். என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "ஜானு, நீங்க தைரியமா இருக்கணும்" என்றார். நான் தைரியமாகத்தான் இருந்தேன். "அப்போ கட்டில் உண்டா மேடம்?" என்று கேட்டேன். அவர் என் கையை விட்டார். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உண்டு" என்றார். எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

சந்தோஷப்பட்டவளைத் திட்டுவதற்கு முன்னால், நாங்கள் அதுவரை எங்கே படுத்துக்கிடந்தோம் என்று தெரிந்துகொள்ளுங்கள். நாங்கள் என்றால் நானும் என் மகள் நிலாவும். இரண்டு பேருமே ஆம்பளை என்று பிறந்து பொம்பளையாக ஆனவர்கள். தொண்ணூற்றெட்டு என்று நினைக்கிறேன், அந்தச் சமயத்தில்தான் மீட்டிங்குகளில் எங்களை அரவாணி என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். அதுவரை ஊர் எங்களைக் கூப்பிட்ட பெயர்களைச் சொன்னால் உங்கள் காது கூசும். பெயர் மரியாதையாக வந்து சேர்ந்தது. கூடவே ஒரு வாடகை வீடும் வந்திருந்தால் நான் இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருக்க மாட்டேன்.

மந்தைவெளிக்குப் பின்னால் கால்வாய்க் கரையில் எங்களுக்கு ஒரு குடிசை இருந்தது. நிலா அங்கேதான் என்னிடம் வந்தாள். அண்ணன்காரன் அடித்துத் துரத்தி, டிக்கெட் இல்லாமல் ரயிலேறி வந்த பெண். அரவாணிகள் சேர்ந்த எங்கள் கூட்டத்தை ஜமாத் என்போம், அதில் மகளாக எடுப்பதற்கு ஒரு முறை உண்டு. பெரியவர்கள் எல்லாரும் உட்கார்ந்திருக்க, தாய் தன் மார்பில் பாலை ஊற்றுவாள், மகள் வாய் வைத்துக் குடிப்பாள். குடித்துவிட்டால் அவள் பால் மகள். அப்புறம் அவளைப் பட்டினி போட்டாலோ தெருவில் விட்டாலோ ஜமாத் என்னைத்தான் நிற்க வைத்துக் கேட்கும், அபராதம் போடும். அவளைப் பெற்றவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஒரு நாள் கால்வாயைச் சுத்தம் செய்யப் போகிறோம் என்று இடிக்கிற வண்டி வந்தது. கரையில் இருந்த குடும்பங்களுக்கெல்லாம் ஊருக்கு வெளியே, பஸ் போகாத ஏதோ ஒரு பொட்டலில் இடம் கொடுத்தார்கள். எங்கள் முறை வந்தது. மேஜைக்குப் பின்னால் இருந்தவர் என்னைப் பார்த்தார், நிலாவைப் பார்த்தார்.

"ஃபேமிலியா?"

"இவ எம் பொண்ணு சார்."

வரிசை முழுக்கச் சிரித்தது. அவரும் சிரித்தார். நல்ல மனுஷன், திட்டவில்லை. சிரித்து முடித்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

ஜமாத்தில் மற்றவர்களின் குடிசையும் அதே கரையில்தான் இருந்தது. ஆளுக்கொரு பக்கம் போய்விட்டோம். நானும் நிலாவும் மயிலாப்பூர், தி.நகர், சைதாப்பேட்டை என்று வாடகைக்கு இடம் தேடி அலைந்தோம். தி.நகரில் புதுக் கடை திறந்தால் முதல் நாளே என்னைக் கூப்பிட்டுக் கல்லாவில் கை வைக்கச் சொல்வார்கள், என் கை ராசியான கையாம். அப்படி நான் கை வைத்துக் கொடுத்த ஒரு பாத்திரக் கடைக்காரரின் வீட்டுக்குப் பின்னால் ஒரு ரூம் பூட்டியே கிடந்தது. போய்க் கேட்டேன். "வீட்ல லேடீஸ் இருக்காங்கம்மா" என்றார். அப்போ நாங்கள் யாராம்?

கடைசியில் மாம்பலம் ஸ்டேஷன் பக்கம் ஒரு மூடின கடையின் படிக்கட்டு எங்களுக்கு வீடானது. படுப்பதுகூடப் பரவாயில்லை, குளிப்பதுதான் நரகம். பொதுக் குளியலறையில் ஆண்கள் பக்கம் போனால் கை வைப்பார்கள், பெண்கள் பக்கம் போனால் கூச்சல் போடுவார்கள். நிலா காலையில், நின்றுகொண்டிருக்கும் பஸ்ஸின் கண்ணாடியில் முகத்தைப் பார்த்துச் சின்ன இடுக்கியால் தாடை முடியைப் பிடுங்கிக்கொள்வாள். உள்ளே உட்கார்ந்திருப்பவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். ஒருத்தன் ஜன்னல் வழியாக அவள் மேல் துப்பினான். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸுக்குப் போனாள்.

ஜஹனாராதான் அந்த அடையாறு வீட்டைப் பற்றிச் சொன்னாள். அவளும் எங்கள் ஆள், மாளவிகா மேடத்தின் டிரஸ்ட்டில் சம்பளத்துக்கு இருந்தாள். பை நிறைய ஆணுறையை வைத்துக்கொண்டு பீச், பார்க் என்று சுற்றி, தொழில் செய்கிற எங்கள் பெண்களுக்குக் கொடுத்துவிட்டு வருவது அவள் வேலை.

"அக்கா, காந்தி நகர்ல வூடு எடுத்துக்கீறாங்க. எட்டுக் கட்டிலு. ஃபேன் கீது, மூணு வேளை சோறு. பாத்ரூம்ல உள்பக்கம் தாப்பா கீது."

தாழ்ப்பாள் என்றதும் படுத்திருந்த நிலா எழுந்து உட்கார்ந்தாள். "யார் வோணா போலாமா?"

ஜஹனாரா எங்கேயோ பார்த்தாள். "நோய் கீறவங்களுக்குதான். ரத்தம் பாப்பாங்க. துட்டு குடுக்குற வெள்ளக்காரங்க அதுக்குன்னுதான் குடுக்கறாங்க."

"வூடு இல்லாதவளுக்குன்னு ஒர்த்தனும் குடுக்கலியா?" என்றேன்.

"அதுக்கு யார்க்கா குடுப்பா? நமக்கு நோய் வந்தா ஊருக்கும் வந்துடும்னு பயம். நமக்கு வூடு இல்லாங்காட்டி ஊருக்கு இன்னா வந்துடப் போவுது?"

அவளைக் கோபித்துக்கொள்ள முடியவில்லை. உள்ளதைத்தான் சொன்னாள்.

மறுநாள் இரண்டு பேரும் போய் ரத்தம் கொடுத்தோம். முடிவு கேட்கப் போகும் வழியில் கபாலி கோயில் வாசலில் நிலா நின்று கும்பிட்டாள். நானும் கையைக் கூப்பினேன். இருக்க வேண்டும் என்று வேண்டுவதா, இருக்கக் கூடாது என்று வேண்டுவதா, தெரியவில்லை. சும்மா கையைக் கூப்பிக்கொண்டு நின்றுவிட்டு வந்தேன்.

எனக்கு இருந்தது. நிலாவுக்கு இல்லை.

என்னிடம் அழுத மாளவிகா மேடம் நிலாவிடம் சிரித்த முகமாகச் சொன்னார். "உங்களுக்கு ஒண்ணும் இல்லை நிலா. எவ்வளவு நல்ல விஷயம்!"

"அப்ப நான் எங்க மேடம் போறது?"

மேடத்தின் சிரிப்பு அப்படியே நின்றது. அந்தம்மாவைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். மயிலாப்பூரில் நல்ல குடும்பம், பாட்டு தெரிந்தவர், எங்களோடு தரையில் உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிடுவார். ஆனால் அந்தக் கேள்வி வந்ததும் மேஜை இழுப்பறையைத் திறந்தார். நிலா கையில் ஒரு கட்டு ஆணுறையை வைத்து, "ஜாக்கிரதையா இருங்க" என்றார்.

நான் சண்டை போட்டேன். "இவ எம் பால குடிச்ச பொண்ணு மேடம். எனக்கு கீதுன்னா அவளுக்கும் இருக்கும். நல்லா இன்னொரு தபா பாருங்க."

மேடம் பொறுமையாகப் படம் போட்ட அட்டையை எடுத்து, நோய் எப்படி வரும், எப்படி வராது என்று காட்டினார். அதில் இருந்த ஆணும் பெண்ணும் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள், அவர்களுக்குப் பின்னால் அழகாக ஒரு வீடு.

எனக்குக் கட்டில் வேண்டாம் என்று கிளம்பினேன். நிலாதான் தடுத்தாள். "நீ இரும்மா. தாய் இருக்கற எடத்துல மகளுக்கும் எடம்தானே? நான் வந்து போய்க்கினு இருக்கேன்." எங்கள் ஜமாத்தில் அதுதான் வழக்கம். தாய் படுக்கும் வீட்டில் மகள் பாயை விரித்தால் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். உலகம் பூராவும் அப்படித்தான் என்று நானும் நம்பிவிட்டேன்.

கொஞ்ச நாள் நடந்தது. நிலா என்னைப் பார்க்க வருகிற மாதிரி வருவாள், குளிப்பாள். குளியலறைக்குள் போனால் ஒரு மணி நேரம் வெளியே வர மாட்டாள், உள்ளே பாட்டு கேட்கும். அப்புறம் என் தட்டில் பாதியைச் சாப்பிட்டுவிட்டு என் கட்டிலுக்கு அடியில் பாய் போட்டுத் தூங்குவாள். மற்றவர்கள் தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்தார்கள். அவள் கன்னத்தில் சதை பிடிக்க ஆரம்பித்தது.

பணம் கொடுக்கிறவர்கள் சுற்றிப் பார்க்க வந்த அன்று மாட்டிக்கொண்டாள். கட்டிலுக்கு அடியில் கால் தெரிந்திருக்கிறது. அவர்கள் போன பிறகு மேடம் என்னைக் கூப்பிட்டார். "ஒருத்தரை விட்டா நாளைக்கு நாற்பது பேர் வருவாங்க ஜானு. அவங்களுக்குத்தான் ஒண்ணும் இல்லையே."

"ஒண்ணும் இல்லதான் மேடம். கூரை இல்ல, சோறு இல்ல."

"நான் அந்த அர்த்தத்துல சொல்லலை. நம்ம திட்டத்துல அதுக்கு இடமில்லை. நானும் கேட்டுப் பாத்துட்டேன்."

கையில் இருந்த தட்டைச் சுவரில் அடித்தேன். வராந்தாவில் படுக்கட்டும், வாசலில் படுக்கட்டும், மாமரத்தடியில் படுக்கட்டும் என்று கெஞ்சினேன். மேடம் அழுதார். அழ மட்டும் அவருக்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. நிலா பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். நானும் மூட்டையைக் கட்டினேன். என் கையிலிருந்து அதைப் பிடுங்கிக் கட்டிலில் போட்டாள்.

"நீ வெளிய வந்து இன்னா பண்ணப் போற? ரெண்டு பேரும் கட்டாந்தரைல கெடந்தா யாருக்கு லாபம்?"

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் கேட்டுக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுப் போவாள். ஒரு ஞாயிறு அவள் புருவத்தில் தையல் போட்டிருந்தது. யார் அடித்தது என்று கேட்டதற்கு, "யாரைன்னு சொல்ல?" என்றாள். இன்னொரு ஞாயிறு செருப்பில்லாமல் வந்தாள், தூங்கும்போது யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்களாம். நான் சேலைக்குள் மறைத்துக் கொண்டுபோன இட்லியைக் கம்பிக்கு நடுவில் கொடுப்பேன். நின்றபடியே தின்பாள். அப்படித் தின்கிறதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஊரையே கொளுத்தலாம் போல இருக்கும்.

என் பக்கத்துக் கட்டிலில் இருந்த அம்மாசி செத்துப்போன வாரம், நிலா வந்ததும் நான் சொல்லி அழுதேன். அவளும் அழுதாள். அப்புறம் மூக்கைச் சிந்திவிட்டுக் கேட்டாள்.

"அந்தக் கட்டில் காலியாத்தான் கீதா?"

"ஆமாண்டி. ஆள் இன்னும் வர்ல."

அவள் கம்பி வழியாக உள்ளே எட்டிப் பார்த்தாள். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வீடில்லாதவள் காலிக் கட்டிலைப் பற்றிக் கேட்காமல் வேறு எதைக் கேட்பாள்?

அதற்கப்புறம் பல ஞாயிறு அவள் வரவில்லை. ஜஹனாராவிடம் விசாரித்தேன். பீச் பக்கம் பார்த்ததாகச் சொன்னாள். "இப்பல்லாம் நான் குடுக்கற உறைய வாங்க மாட்டேங்கறாக்கா. நெறைய கீது, வோணாங்கறா" என்றாள். வேறு ஏதாவது டிரஸ்ட்டில் கொடுத்திருப்பார்கள் என்று நினைத்தேன். அம்மாசியின் கட்டிலுக்கு ஒருத்தி வந்தாள், மழை முடிவதற்குள் அவளும் போய்ச் சேர்ந்தாள்.

பொங்கல் கழித்து ஒரு காலையில் நிலா வந்தாள். கேட்டுக்கு வெளியே நிற்கவில்லை, நேராக உள்ளே நடந்து வந்தாள். தலை நிறையக் கனகாம்பரம், தோளில் பை, கையில் ஒரு மைசூர்பாகு பொட்டலம். ஒரு நல்லது நடந்தால் எங்களில் மகள் முதல் இனிப்பைத் தாய் வாயில்தான் போடுவாள். என் காலில் விழுந்து எழுந்து, ஒரு துண்டை எடுத்து என் வாயில் திணித்தாள். எனக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று.

"வூடு கெடச்சிச்சாடி?"

"கெடச்சிச்சும்மா."

"எங்க?"

"இங்கதான்."

வாசலில் மாளவிகா மேடம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண் சிவந்திருந்தது. எனக்குப் புரிந்துவிட்டது, ஆனாலும் புரியாத மாதிரி நிலாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மூணு தபா ரத்தம் குடுத்தேம்மா. ரெண்டு தபா ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்லன்னு அனுப்சிட்டாங்க. இந்தவாட்டிதான் கீதுன்னாங்க."

"இன்னாடி பண்ணே? எப்டிடி வந்துச்சு?"

"உறை போடாதவன எல்லாம் தொரத்தி வுட்டுக்கினு இருந்தேன். இப்ப தொரத்தல. அவ்ளோதான்."

வாயில் இருந்ததைத் துப்பினேன். அவள் தலைமயிரைப் பிடித்து இழுத்து முதுகில், கன்னத்தில், கை போன இடத்தில் எல்லாம் அடித்தேன். பூ பிய்ந்து தரையில் விழுந்தது. மற்றவர்கள் வந்து என்னைப் பிடித்தார்கள். நிலா ஓடவும் இல்லை, கையைத் தூக்கவும் இல்லை. நான் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றதும் பையைத் தலைமாட்டில் வைத்துவிட்டு, பக்கத்துக் கட்டிலில் மெதுவாகக் காலை நீட்டினாள்.

"அடிச்சுக்கோம்மா" என்றாள். "வெளிய போன்னு மட்டும் இனிமே என்னை யாரும் சொல்ல முடியாது."