பிளக்கின் மூன்றாவது கால்

நான் ஒரு பயந்தாங்கொள்ளி. வேறு யாராவது கண்டுபிடித்துச் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுவது என் வழக்கம். இடிக்குப் பயம், பல்லிக்குப் பயம், மலைப்பாதை வளைவில் எதிரே காய்கறி லோரி வந்தால் கண்ணை மூடிக்கொள்வேன். இவையெல்லாம் சில்லறைப் பயங்கள். உண்மையான பயம் ஒன்றே ஒன்றுதான், அது கரண்டு.

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது என் அப்பா இருளப்பன் எங்கள் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் ஐஸ்பெட்டியைத் திறக்கப் போய்க் கரண்டு அடித்து இறந்தார். தேயிலைக் காட்டிலிருந்து மழையில் நனைந்து வந்தவர் ஈரக்கையோடு தொட்டுவிட்டார் என்றார்கள். கங்காணி சொன்னார், கணக்கெழுதும் கிராணி சொன்னார், சாவு வீட்டுக்கு வந்த அத்தனை பேரும் அதையே சொன்னார்கள்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒவ்வொரு சுவிட்சுக்குப் பக்கத்திலும் ஓர் ஆணி உண்டு, ஆணியில் ஒரு காய்ந்த துண்டு உண்டு. கையைத் துடைக்காமல் யாரும் சுவிட்சைத் தொடக்கூடாது. கேமரன்மலையில் மழை மாதத்தில் எந்தத் துணி காயும்? என் அம்மா ருக்குமணி அடுப்புக்கு மேலே கொடி கட்டி அந்தத் துண்டுகளை மட்டும் காய வைப்பாள். என் பள்ளிப் பாவாடை ஈரமாக இருக்கலாம், துண்டு ஈரமாக இருக்கக்கூடாது. வீட்டுக்கு வருகிறவர்கள் சிரிப்பார்கள். அம்மா அதைக் காதில் போட்டுக்கொள்ள மாட்டாள்.

இந்த லட்சணத்தில் நான் படித்தது கணினி. கோலாலம்பூரில் கேம் செய்யும் ஒரு கம்பெனியில் வேலையும் கிடைத்தது. தோட்டத்திலிருந்தே வேலை செய்யலாம், ஆனால் அவர்கள் செய்துகொண்டிருக்கும் கேமைத் திறந்து ஓட்டுகிற கம்ப்யூட்டர் வீட்டில் இருக்க வேண்டும், அடுத்த மாதம் சேர்வதற்குள் அதை ஓட்டிக் காட்ட வேண்டும் என்றார்கள். முடியாவிட்டால் கோலாலம்பூருக்கு வந்துவிட வேண்டும். பல்கலைக்கழகத்தில் வைத்திருந்த லேப்டாப்பில் அந்தக் கேமைத் திறந்து பார்த்தேன். அது கொஞ்ச நேரம் அலறிவிட்டு அணைந்து போனது.

அம்மா தோட்டத்தை விட்டு வரமாட்டாள். அவளை அந்த வீட்டில் தனியாக விட்டுப் போக என்னாலும் முடியாது. நான் பக்கத்தில் இல்லாத ஒரு நாள் அவள் துண்டை மறந்துவிட்டால் என்ன ஆகும்? ஆகவே கம்ப்யூட்டர் வந்தே ஆக வேண்டும். அதுவும் கரண்டை மடக் மடக்கென்று குடிக்கிற ஒரு பெரிய இரும்புப் பெட்டி.

பிரிஞ்சாங் டவுனில் அப்துல் சுக்கூர் மாமாவின் சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில் அவர் மகன் ஃபாஹ்மி கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தான். பள்ளியில் என் வகுப்பு. கீழேயிருந்து ரொட்டி சானாய் வாசனை ஏறி வரும், மேலே அவன் ஒவ்வொரு சாமானாக எடுத்து மேசையில் வைப்பான். நான் எழுதும் நிரல் சீக்கிரம் ஓடிப் பார்க்கப் பல கோர் உள்ள பிராசஸர் வேண்டும். கேமில் வரும் மலையும் மழையும் திரையில் தடங்கலில்லாமல் அசையக் கிராபிக்ஸ் கார்டு வேண்டும். இரண்டையும் தாங்க ஒரு மதர்போர்டு, தாராளமாக ராம். இதெல்லாம் எனக்குத் தெரிந்த விஷயம்தான். பிராசஸரை உடனே எடுத்துவிட்டேன், ராமையும் எடுத்துவிட்டேன். கார்டில் வந்து நின்றுவிட்டேன்.

அவன் எந்தக் கார்டைக் காட்டினாலும் நான் கேட்டது ஒரே கேள்வி, இது எத்தனை வாட் இழுக்கும் என்பது. அவன் சொன்னதும் அதைவிடக் குறைவாக இழுப்பது இருக்கிறதா என்று கேட்டேன். அது வந்ததும் அதைவிடக் குறைவாகக் கேட்டேன். மறுவாரமும் போனேன், அதே கதை. அவன் முதலில் என்னைக் கேலி செய்தான், கார்டு வாங்க வந்தியா, வாட் வாங்க வந்தியா என்று. பிறகு கையிலிருந்த கார்டை மேசையில் வைத்துவிட்டான்.

"இந்தச் சின்னக் கார்டுல உன் கம்பெனி கேம் நொண்டும்லா. அப்புறம் நீ கேஎல்லுக்கு பஸ் ஏற வேண்டியதுதான். உனக்கு என்னதான் பிரச்சின யுவா?"

இதையெல்லாம் உள்ளே வைத்துப் பூட்டும் கேஸ் பிளாஸ்டிக்கில் கிடைக்குமா என்று கேட்டேன். சிரிக்கப் போனவன் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். அப்பா கதையை அன்றுதான் அவனிடம் சொன்னேன்.

 அவன் மேசைக்கு அடியிலிருந்து ஒரு ஒயரை எடுத்து அதன் பிளக்கை என் முன்னால் வைத்தான். மூன்று கால் பிளக். கீழே உள்ள இரண்டு கால்கள்தான் கரண்டைக் கொண்டு வருவதும் திருப்பிக் கொண்டு போவதும். மேலே நீளமாக இருக்கும் மூன்றாவது காலைத் தொட்டுக் காட்டினான்.

"இதான் எர்த். உள்ள ஏதாச்சும் கெட்டுப்போய் கரண்டு இரும்புக்கு வந்துட்டா, இது புடிச்சு மண்ணுக்குள்ள இழுத்துட்டுப் போயிடும். டிரிப் சுவிட்சும் விழுந்து கரண்டு நின்னுடும். ஒன்கிட்ட வராது. எர்த் இருக்கற வரைக்கும் ஒண்ணும் ஆகாதுலா."

நான் அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை வருடம் கணினி படித்தவளுக்கு அது வெறும் பித்தளைத் துண்டாகத்தான் தெரிந்திருந்தது. அன்று பெரிய கார்டை எடுத்தேன், இரும்புக் கேஸையும் எடுத்தேன். பவர் சப்ளையை மட்டும் அவனே தேர்ந்தெடுத்தான். மற்றதில் வேண்டுமானால் கஞ்சத்தனம் பண்ணு, இதில் பண்ணாதே என்று நல்ல கனமானது ஒன்றைப் பெட்டியோடு என் மடியில் வைத்தான். கடையிலேயே பூட்டித் தருகிறேன் என்றான். எந்த ஒயர் எங்கே போகிறது என்று என் கண்ணால் பார்க்காத பெட்டியை என்னால் தொட முடியாது, அதனால் வீட்டில் நானே பூட்டிக்கொள்கிறேன் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முன்கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்தேன். வெளியே பனி இறங்கித் தேயிலைச் சரிவு பாதி மறைந்திருந்தது. மதர்போர்டில் பிராசஸர் உட்காரும் இடத்தில் மயிர் மாதிரி முட்கள், ஒன்று வளைந்தாலும் போர்டு குப்பைக்குத்தான். மூச்சைப் பிடித்துக்கொண்டு இறக்கினேன். பூட்டும் கம்பியை அழுத்தும்போது கறுக்கென்று ஒரு சத்தம் வரும் என்று ஃபாஹ்மி முன்பே சொல்லியிருந்தான். சொல்லியிருந்தும் நான் கத்திவிட்டேன். அம்மா கரண்டியோடு சமையலறையிலிருந்து ஓடி வந்தாள், பெட்டியையும் என்னையும் பார்த்தாள், சுவிட்சுக்குப் பக்கத்தில் துண்டு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள்.

எல்லாம் பூட்டியாயிற்று. கையைத் துடைத்துக்கொண்டு சுவிட்சைப் போட்டேன், பெட்டியின் பொத்தானை அழுத்தினேன். காற்றாடிகள் சுற்றின, திரையில் எழுத்து வந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இனி எங்கேயும் போக வேண்டாம், இந்தக் கூடத்திலேயே உட்கார்ந்து வேலை செய்யலாம். கேபிளைச் சரிசெய்ய ஒரு கையால் கேஸின் பின்பக்கத்தைப் பிடித்தேன்.

விரல்களில் எறும்பு ஊர்ந்தது. சுருசுருவென்று முழங்கை வரை வந்தது.

கையை இழுத்துக்கொண்டேன். வேர்வையாக இருக்கும், பயத்தில் என் கை எப்போதும் நசநசக்கும். துண்டை எடுத்து விரல் இடுக்கெல்லாம் துடைத்தேன். ஒரே ஒரு விரலின் பின்புறத்தால் இரும்பை மறுபடி தொட்டேன். மறுபடியும் சுருசுருத்தது.

கை நன்றாகக் காய்ந்திருந்தது. அதுதான் என்னைக் கலக்கியது. காய்ந்த கையை ஒன்றும் செய்யாது என்ற ஒரு நம்பிக்கையில்தான் நாங்கள் இரண்டு பேரும் அந்த வீட்டில் இத்தனை காலம் வாழ்ந்திருந்தோம். சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, பாயின் கடைசிக்குப் போய் உட்கார்ந்துகொண்டு ஃபாஹ்மிக்குப் போன் அடித்தேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அவன் உடனே மோட்டார் சைக்கிளில் வந்தான். பெட்டியை அவன் தொடவே இல்லை. பிளக் மாதிரி இருந்த ஒரு சின்ன டெஸ்டரைச் சுவரில் செருகினான். அதில் எரிய வேண்டிய விளக்குகளில் ஒன்று எரியவில்லை. சமையலறையில் செருகினான், அங்கேயும் எரியவில்லை. வாசல் கதவுக்கு மேலே இருந்த மெயின் சுவிட்சை இறக்கச் சொல்லிவிட்டுக் கூடத்துச் சுவர் பிளக்கைக் கழற்றினான். உள்ளே எர்த்துக்கான பச்சை ஒயரை யாரோ குட்டையாக வெட்டி, நுனியில் கறுப்பு டேப் சுற்றி, மடக்கி வைத்திருந்தார்கள். அவன் நிமிர்ந்து மெயின் பெட்டியையும் எட்டிப் பார்த்தான். டிரிப் சுவிட்ச் சும்மா உட்கார்ந்திருந்தது, ஒயர் அதற்குள் போகாமல் நேராக வீட்டுக்குப் போயிருந்தது.

அவன் மெதுவாகத்தான் பேசினான். பெட்டியில் ஒரு கோளாறும் இல்லை, எந்தப் பவர் சப்ளையிலும் துளி கரண்டு இரும்புக்குக் கசியும், எர்த் அதை இழுத்துக்கொண்டு போய்விடும், இந்த வீட்டில் அதற்கு வழியே இல்லை என்றான். இது லேசாகச் சுருசுருப்பதோடு நின்றது. ஐஸ்பெட்டியோ வேறெதுவோ உள்ளே கெட்டுப்போனால் லேசாக இருக்காது என்று சொல்ல வந்தவன் வாயை மூடிக்கொண்டான்.

அம்மா சமையலறை வாசலில் நின்றிருந்தாள்.

"இத யாரு ஆன்ட்டி வெட்டுனது?"

"நாங்கதான் வெட்டச் சொன்னோம்," என்றாள் அம்மா. "மழ வந்தா டிரிப் ஆயிடும். சோறு பாதியில நிக்கும். இவ அப்பா சாகறதுக்குக் கொஞ்சம் முன்னால ஒரு ஒயர்மேன் வந்தாரு. டைரக்டா குடுத்துட்டா விழாதுன்னாரு. லயத்துல எல்லா வீட்டுக்கும் செஞ்சு குடுத்தாரு. நாங்க கோழி அடிச்சு விருந்து வெச்சோம்."

எல்லா வீட்டுக்கும்.

அந்த நேரம் பார்த்துப் பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் தண்ணீர் சலசலவென்று கொட்டத் தொடங்கியது. பக்கத்து வீட்டுச் செல்லம் அக்கா ஞாயிறு சந்தைக்குப் போய்விட்டு வந்து குளிக்கிற நேரம். குளிரைத் தாங்க முடியவில்லை என்று போன மாதம்தான் குளியலறையில் சுடுதண்ணி ஹீட்டர் மாட்டியிருந்தார். தலைக்கு மேலே கரண்டு, தலையிலிருந்து கால்வரை தண்ணீர். ஃபாஹ்மி என்னைப் பார்த்தான்.  எப்படி ஓடினேன் என்று தெரியவில்லை.

தூறலில் நனைந்துகொண்டு அவர் வாசலுக்குப் போய்க் கதவைத் தட்டிக் கத்தினேன். தண்ணீர்ச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. கதவு பூட்டவில்லை. உள்ளே போனேன். லயத்து வீடுகள் எல்லாம் ஒரே மாதிரி, மெயின் சுவிட்ச் வாசலுக்கு மேலே. நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறிக் கையை நீட்டினேன். நீட்டிய பிறகுதான் கையைப் பார்த்தேன். விரல் நுனியிலிருந்து தண்ணீர் சொட்டியது. அந்த வீட்டில் ஆணியும் இல்லை, துண்டும் இல்லை. அப்பாவை நினைத்துக்கொண்டேன். அழுதேன் என்றும் நினைக்கிறேன். கண்ணை மூடிக்கொண்டு சுவிட்சைக் கீழே இழுத்தேன்.

வீடு இருண்டது. குளியலறையிலிருந்து செல்லம் அக்காவின் அலறல் கேட்டது. என் உயிர் போய்விட்டது. அடுத்த நொடி அவர் எவன்டா அது கரண்டை அணைச்சது, தண்ணி ஜில்லுன்னு கொட்டுது என்று என் பரம்பரையையே இழுத்துத் திட்ட ஆரம்பித்தார். ஒருவர் என்னைத் திட்டுவதைக் கேட்டு நான் அவ்வளவு மகிழ்ந்தது அதுதான் முதல் தடவை.

அதற்குள் அம்மா வீடு வீடாகப் போய் ஹீட்டரையும் ஐஸ்பெட்டியையும் பிடுங்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். தோட்ட அலுவலகத்துக்குச் செய்தி போய், லைசென்ஸ் உள்ள ஒயர்மேன் வந்து ஒவ்வொரு வீடாகப் பச்சை ஒயரை மண்ணில் இறக்கினார், டிரிப் சுவிட்சுகளையும் மாற்றினார். வேலை முடிந்த அன்றே மழை பெய்து செல்லம் அக்கா வீட்டில் டிரிப் ஆனது. வாயில் வந்தபடி ஏசினார். ஆனால் டைரக்டாகக் கொடுக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

ஃபாஹ்மி வந்து டெஸ்டரைச் செருகிப் பார்த்தான். எல்லா விளக்குகளும் சரியாக எரிந்தன. அவன் போன பிறகு அம்மாவை அழைத்தேன், இந்த முறை பொத்தானை நீங்கள்தான் அழுத்த வேண்டும் என்றேன். சட்டி கழுவிக்கொண்டிருந்தவள் ஈரக்கையோடு வந்தாள். ஆணியிலிருந்து துண்டை எடுத்து விரல் விரலாகத் துடைத்தாள். துடைத்தவள் துண்டைப் பிடித்தபடியே நின்றுவிட்டாள்.

"ஒங்கப்பாவும் தொடச்சாரு யுவா."

என்னம்மா என்றேன்.

"அன்னைக்கு. நாந்தான் துண்டக் குடுத்தேன். தொடச்சிட்டுத்தான் ஐஸ்பெட்டியத் தொட்டாரு. என் கண்ணால பாத்தேன். எல்லாரும் ஈரக்கை ஈரக்கைன்னாங்க. சரி, நாந்தான் சரியாப் பாக்கலன்னு விட்டுட்டேன்."

 இத்தனை வருடமும் அவள் என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். சுவருக்குள் யாரும் பார்க்கவில்லை.

அம்மா துண்டை ஆணியில் மாட்டாமல் பாயில் போட்டாள். பொத்தானை அழுத்தினாள். காற்றாடிகள் சுற்றத் தொடங்கியதும் உள்ளங்கையை விரித்து இரும்பின் மேல் வைத்தாள். எனக்குப் பயமாகத்தான் இருந்தது, இப்போதும் பயம்தான். அவள் கையை எடுக்கவில்லை. நானும் என் கையை அவள் கைக்குப் பக்கத்தில் வைத்தேன்.