எல்லாப் பால்கனிகளும் குளத்தைப் பார்க்கின்றன

1

என் அக்கா போட்ட ஒரு நிபந்தனையிலிருந்துதான் இந்தக் கதை பிறந்தது. "வாடகை வீடுதானே, எங்க வேணா பாரு. ஆனா நீச்சல் குளம் இருக்கணும்."

அக்காவுக்கு நீச்சல் தெரியாது. எனக்கும் தெரியாது. எங்கள் குடும்பத்தில் யாரும் குளியலறை வாளியைத் தாண்டிய தண்ணீரோடு பழகியதில்லை. அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவள் என்னோடு வந்து இருக்கச் சம்மதித்தாள். சம்மதத்தின் வாலைப் பிடித்துக்கொண்டு நிபந்தனையும் வந்தது. ஏன் என்று கேட்டேன்.

"எத்தனை நாள் மருந்து வாசனையிலயே கிடந்தேன். இந்த உடம்பு கனமில்லாம ஒரு தடவை மிதக்கணும்டி. அவ்வளவுதான்."

அக்கா தண்ணீரில் இறங்குவாளா? இந்தக் கதையில் இருக்கும் ஒரே கேள்வி அதுதான். வேறு மர்மம் எதுவும் வைத்திருக்கவில்லை.

2

முதல் தொடக்கம்: புதிதாக மணமான அந்தப் பெண், கொடியிடை அசைய, நீலக் குளத்தின் விளிம்பில்

(நிறுத்திவிட்டேன். இளம்பெண்ணாக மாற்றிவிட்டால் எழுதச் சுலபம் என்று நினைத்திருக்கிறேன்.)

இரண்டாம் தொடக்கம்: நீர் என்பது மறதியின் இன்னொரு

(இதுவும் வேண்டாம். "குடிக்கிற தண்ணியா, குளிக்கிற தண்ணியா?" என்று அக்கா கேட்பாள்.)

அக்கா தையல்காரி. தன் மெஷினை என் மேசைக்குப் பக்கத்திலேயே போட்டுக்கொண்டிருக்கிறாள். அதனால் நான் எழுதுவது எதுவும் அவள் கண்ணுக்குத் தப்புவதில்லை.

"யாருடி இந்தப் பொண்ணு?"

"நீதான்க்கா."

"நானா? எனக்குக் கொடியிடையா? எனக்குத் துணி வெட்டுறதே நான்தான். எனக்குத் தெரியாத இடுப்பு உனக்கு எங்க இருந்து கிடைச்சுது?"

"அப்ப எப்படி எழுத?"

"இருக்கிற மாதிரி எழுது. ஒரு பக்கத்து மார்பை எடுத்துட்டாங்கன்னும் எழுது. நீ பூசி மெழுகினா வாசிக்கிறவங்க இன்னும் பயப்படுவாங்க."

எழுதிவிட்டேன்.

3

வீட்டைக் காட்ட வந்த தரகர் விவரமானவர். அறைகளைத் திறப்பதற்கு முன்பே எங்களை நேராகப் பால்கனிக்கு அழைத்துப் போனார்.

"பாருங்கம்மா. இங்க எந்த வீட்டு பால்கனியில நின்னாலும் குளம் தெரியும். நாலு பக்கமும் அப்படித்தான் கட்டியிருக்காங்க."

கீழே சதுரமாகத் தண்ணீர். அதன்மேல் வெயில் நெளிந்துகொண்டிருந்தது. அக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். அந்த முகத்தைப் பார்த்ததும் நான் சரி என்று சொல்லிவிட்டேன். திரும்பி வரும்போதுதான் இருவருமே சமையலறையைப் பார்க்கவில்லை என்பது உறைத்தது. (குடிவந்த பிறகு தெரிந்தது: அடுப்பின் முன் ஒருவர் நின்றால் ஃபிரிட்ஜின் கதவு திறக்காது. "குளிர்ந்த தண்ணி வேணும்னா சமைக்காத" என்று அக்கா சட்டம் போட்டிருக்கிறாள்.)

ஆனால் நாங்கள் கவனிக்கத் தவறிய பெரிய விஷயம் வேறு. எல்லாப் பால்கனியிலிருந்தும் குளம் தெரியும் என்றால், குளத்தில் இறங்குகிறவளை எல்லாப் பால்கனியும் பார்க்கும். குடிவந்த மறுநாள் காலையில் அக்கா அதே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இந்த முறை தண்ணீரைப் பார்க்கவில்லை. எதிர்ப்பக்கத்து வீடுகளை, ஒவ்வொன்றாக, பார்த்தாள்.

4

கடையில் விற்கும் நீச்சலுடை எதுவும் அவளுக்குப் பொருந்தவில்லை. துணி வாங்கிவந்து தானே தைத்தாள்: முழங்கால்வரை, முழுக்கை, கழுத்து ஏறினாற்போல.

அளவெடுக்கக் கூச்சப்படுகிறவர்கள் தையல்காரியிடம் ஒரு பழைய சட்டையைக் கொடுத்து, 'இதே அளவில்' என்பார்கள். அளவுச் சட்டை. அக்காவும் தனக்கென்று ஒன்று வைத்திருந்தாள். எப்போதும்போல அதை விரித்துப் போட்டு, சாக்கட்டியால் கோடிழுத்து, வெட்டித் தைத்துவிட்டாள். போட்டுப் பார்த்தபோது ஒரு பக்கம் கச்சிதம். மறுபக்கம் துணி வெறுமையாகத் தொங்கியது. பழைய உடம்புக்குத் தைத்திருந்தாள்.

அவள் கண்கள் குளமாகி

(இல்லை. அழுதது நான். அவள் துணியைக் கிள்ளிப் பார்த்து, "தைக்கும்போது மறந்தே போயிட்டேன் பாரேன்" என்றாள். மறந்திருந்த அந்தக் கொஞ்ச நேரம் அவளுக்கு நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றுகிறது. கேட்கவில்லை.)

பிறகு டேப்பை என்னிடம் நீட்டினாள். "எடு."

"நானா?"

"வேற யாரு? என்னை நானே எப்படிச் சுத்தி அளப்பேன்?"

தழும்பை நான் அன்றுதான் முதன்முதலாக முழுதாகப் பார்த்தேன். அதற்கு மூன்று உவமைகள் யோசித்து மூன்றையும் விட்டுவிட்டேன்.

"என்னடி, டேப்பை இவ்வளவு தொளதொளன்னு பிடிக்கிற? நான் ஒண்ணும் உடைஞ்சிட மாட்டேன்."

இறுக்கினேன். அளவைச் சொன்னேன்.

"சரியாச் சொல்லு. கூட்டிக் குறைக்கிறதெல்லாம் உன் கதையில வச்சுக்கோ. என் துணியில வேண்டாம்."

5

இரண்டு முடிவுகளை எழுதி அவளுக்குப் படித்துக் காட்டினேன்.

ஒன்று: அவள் குதிக்கிறாள். பால்கனிகள் கைதட்டுகின்றன.

"எதுக்குக் கைதட்டுறாங்க? நான் என்ன சர்க்கஸா?"

இரண்டு: அவள் படியில் உட்கார்ந்து கால்களை மட்டும் நனைத்துக்கொள்கிறாள். அதுவே போதும் என்று அவள் மனம் நிறைகிறது.

"யாரு மனசு? உன் மனசா?" மெஷினை ஒரு மிதி மிதித்தாள். "இதை நீ கதையில போட்டீன்னா அப்புறம் உனக்கு நீயே சமைச்சுக்கோ."

6

புதிய உடை தயாரான காலையில் கீழே இறங்கினோம். ஒரு பால்கனியில் ஒருவர் பல் தேய்த்துக்கொண்டிருந்தார். இன்னொன்றில் ஒரு பெண் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். அக்கா துண்டால் போர்த்திக்கொண்டு ஏணிக்குப் பக்கத்தில் நின்றாள். நான் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன். அவள் துண்டை எடுக்கவில்லை. தண்ணீரைப் பார்த்தாள், மேலே பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"ஏய், திரும்பிக்கோ."

"நானா? அளவெடுத்ததே நான்தானே?"

"அன்னைக்கு நீ தங்கச்சி. இப்ப உன் பார்வை எழுதுறவ பார்வை. மேல இருக்கிறவங்க பார்த்துட்டு அவங்க வேலையைப் பார்க்கப் போயிடுவாங்க. நீ அப்படியா? எழுதி வச்சுக்குவ."

நாற்காலியைத் திருப்பிப் போட்டேன். எதிரே சுண்ணாம்புச் சுவர். பின்னால் துண்டு எதன்மேலோ விழுந்தது. ஏணிக் கம்பி லேசாக அதிர்ந்தது. பிறகு தண்ணீரில் ஒரு சத்தம். பாதம் பட்ட சத்தமா, அதைவிடப் பெரியதா என்று என்னால் ஊகிக்க முடியும். ஊகிப்பதுதான் என் பிழைப்பு. இன்று ஒருநாள் அந்தப் பிழைப்புக்கு விடுமுறை.

உங்களுக்கு முடிவு வேண்டும், தெரியும். எனக்கும்தான், கழுத்தெல்லாம் வலிக்கிறது. ஆனால் நான் திரும்பினால் நீங்களும் பார்த்துவிடுவீர்கள். இன்னொரு நாற்காலி காலியாக இருக்கிறது. அதையும் சுவரைப் பார்க்கப் போட்டிருக்கிறேன். வந்து உட்காருங்கள். அவளாகக் கூப்பிடட்டும்.