மொட்டைக்குன்றில் அரைத் தம்ளர் தண்ணீர்

கண்டியைச் சுற்றி எங்கு மழை பெய்தாலும் மொட்டைக்குன்றில் ஒரு சொட்டுத் தங்காது, வெறும் பாறை. தேயிலையும் பட்டுப்போன இடம். வத்தேகமச் சந்தையில் அதைப் பாலைவனம் என்றே சொல்வார்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதில் முத்துலிங்கமும் ரத்தினம்மாவும் அங்கே முதல் வீட்டைக் கட்டினார்கள். பிறகு எட்டு வீடுகள் வந்தன, ஒரு மாரியம்மன் கோயில் வந்தது, மக்கீன் நானாவின் கடையும் வந்தது. தண்ணீர் மட்டும் கீழே ஓடையிலிருந்து குடத்தில்தான் ஏறியது. எழுபதுகளில் பாதிப்பேர் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். மீதிப்பேர் குழாய்த் தண்ணீர் தேடி டவுனுக்கு இறங்கினார்கள். கடைசியில் முதல் வீட்டில் மட்டும் ஆள் இருந்தது.

அந்த வீட்டு மகள் சீதாவைப் பெண் கேட்டுத்தான் புசல்லாவையிலிருந்து சின்னமுத்து தன் அத்தை பாப்பம்மாவோடு வந்திருந்தான். பஸ் கண்டக்டர். வத்தேகம பஸ்ஸில் சீதாவுக்கு ஓராண்டாக ஜன்னலோரம் பிடித்துவைத்தவன்.

ரத்தினம்மா தண்ணீர் கொண்டுவந்தாள். பாப்பம்மா தம்ளருக்குள் எட்டிப் பார்த்தாள்.

"பொண்ணு கேட்டு வந்தவங்களுக்கு அரைத் தம்ளரா? எங்க ஊர்ல மாட்டுக்கே நெறச்சுத்தான் வைப்போம்!"

சீதா உதட்டைக் கடித்துக்கொண்டாள். எல்லாம் முடிந்தது என்று நினைத்தாள்.

"கோவிச்சுக்காதீங்க தங்கச்சி," என்றார் முத்துலிங்கம். "இங்க முழுசா ஊத்துனா, குடிச்சிட்டுக் கெளம்புங்கனு அர்த்தம். பாதின்னா, இருங்க, இன்னும் ஊத்துறோம்னு."

"நல்ல சட்டம்! ஊரே கெளம்பிருச்சே, எல்லாருக்கும் முழுசா ஊத்துனீங்களாக்கும்?"

முத்துலிங்கம்தான் முதலில் சிரித்தார். பாப்பம்மா மடமடவென்று குடித்துவிட்டுத் தம்ளரை மறுபடி நீட்டினாள்.

"ஊத்துங்க மதினி. பொண்ணப் புடிச்சிருக்கு."

சின்னமுத்து தொண்டையைச் செருமினான். "மாமா, டவுன்ல ஒரு வீடு பார்த்து வச்சிருக்கேன். நீங்க ரெண்டு பேரும் அங்க வந்துருங்க."

"நாங்க எதுக்கு? இங்கயே இருந்துக்குவோம்."

"அப்ப நானும் இங்கயே இருந்துக்கிறேன்ப்பா," என்றாள் சீதா. "ஒங்க ரெண்டு பேரையும் இந்தப் பாறையில விட்டுட்டு எனக்குக் கல்யாணம் வேணாம்."

ஜன்னலோரம் பிடித்துவைத்தவன் முகம் சுருங்கியது. முத்துலிங்கம் மகளைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், எழுந்து வெளியே போனார்.

சற்று நேரத்தில் படாரென்று சத்தம் கேட்டது. எல்லாரும் ஓடிப்போய்ப் பார்த்தார்கள். ஆளில்லாத பக்கத்து வீட்டுக் கூரையில் ஏறித் தகரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார் அவர்.

"என்னங்க பண்றீங்க?" என்று பதறினாள் ரத்தினம்மா.

"டவுன் வீட்டு வாசல்ல பந்தல் போட வேணாமா? அடியே, நம்ம வீட்டுத் தகரமும் சேர்ந்தாத்தான் பத்தும்."

சின்னமுத்து சட்டைக் கையை மடித்துக்கொண்டு தகரத்தின் மறுமுனையைப் பிடிக்க ஓடினான்.